பன்னிரண்டு சென்டிமீட்டர்

என் வகுப்பில் யாராவது நூற்றுக்கு நூறு வாங்கினால் நான் உடனே சந்தோஷப்பட்டுவிட மாட்டேன். பரீட்சையன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று முதலில் பார்ப்பேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் சிசிடிவி. அது எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டிலும் இதே கதைதான். "நான் வாங்கிட்டு வர்ற தக்காளியக்கூட நீ மறுபடி எடை போடுற" என்று என் கணவர் அலுத்துக்கொள்வார். போடத்தான் செய்வேன். பிறகு தராசு வீட்டில் எதற்கு இருக்கிறது?

அதனால்தான் கரப்பானைப் பார்த்தவுடனே எனக்குப் பிடித்துப்போனது.

கரப்பான் என்பது பள்ளிக்கு வந்திருந்த குட்டி ரோபோ. உள்ளங்கையில் அடங்கும். அடியில் இரண்டு சக்கரம், தலையில் ஒரு பச்சை விளக்கு. டேப்லெட்டில் 'முன்னால் 20' என்று கட்டளை கொடுத்தால் இருபது சென்டிமீட்டர் ஓடும். 'வலது 90' என்றால் திரும்பும். பெட்டியில் ஏதோ பகட்டான பெயர் அச்சடித்திருந்தார்கள். அது ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துப் பிள்ளைகள் முதல் நாளே கரப்பான் ஆக்கிவிட்டார்கள். அதற்கு முகதாட்சண்யம் கிடையாது. கெஞ்சினால் மசியாது, அழுதால் இரங்காது. கொடுத்த எண் எதுவோ அதை அப்படியே செய்யும். எண் தப்பு என்றால் போய் முட்டிக்கொண்டு நின்று, கொடுத்தவரின் குட்டை அந்த இடத்திலேயே உடைத்துவிடும்.

ஏழாம் வகுப்புக்கு அளவைகளையும் அளவுத்திட்டத்தையும் இதை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மீட்டர் எவ்வளவு என்று கேட்டதற்கு ஒருத்தன் இரண்டு கையையும் அகல விரித்துப் பக்கத்தில் இருந்தவனின் கண்ணைக் குத்தினான். தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, ஸ்கேலால் அளந்து, அந்த எண்ணைக் கரப்பானுக்குக் கொடுக்கச் சொன்னேன். பாதி வகுப்பின் கரப்பான்கள் கோட்டைத் தொடாமலே நின்றுவிட்டன. பூஜ்யத்துக்கு முன்னால் ஸ்கேலில் கொஞ்சம் வெற்று ஓரம் இருக்கும் அல்லவா? அந்த ஓரத்தில் வைத்து அளந்திருந்தார்கள். "மிஸ், இது ரிப்பேர்" என்றார்கள். ரிப்பேர் யாருக்கு என்று நான் விளக்கினேன்.

பிறகு பெரிய வேலையைக் கொடுத்தேன். அவரவர் வீட்டை அவரவரே அளக்க வேண்டும். வீட்டில் பத்து சென்டிமீட்டர் என்றால் தாளில் ஒரு சென்டிமீட்டர். அந்த அளவுத்திட்டத்தில் சார்ட் தாள்களை ஒட்டி வீட்டின் படத்தை வரைய வேண்டும். படத்தின் வாசலில் கரப்பானை வைத்தால் அது எந்தச் சுவரிலும் இடிக்காமல், வீட்டில் அவரவருக்குப் பிடித்த இடத்துக்குப் போய் நிற்கும்படி கட்டளை எழுத வேண்டும். பருவ முடிவில் பெற்றோர் முன்னால் கண்காட்சி. கரும்பலகையின் மேல் ஓரத்தில் இரண்டு விதிகளை எழுதி, அழிக்கக் கூடாது என்று பெட்டி கட்டி வைத்தேன். அளக்காததை வரையாதே. அளந்ததை அழிக்காதே.

வந்த படங்களைப் பார்க்க வேண்டுமே. ஒருவன் தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்ததில் குளியலறை கூடத்தைவிடப் பெரிதாகிவிட்டது. "உங்க வீட்டு பாத்ரூம்ல யானையா குளிக்குது?" என்று கேட்டேன். "இல்ல மிஸ், அப்பாதான்" என்றான். தாளில் அரை சென்டிமீட்டர் தப்பினால் வீட்டில் அஞ்சு சென்டிமீட்டர் தப்பு, அந்த அஞ்சு சென்டிமீட்டரில் கரப்பான் கதவு நிலையில் இடிக்கும் என்பது மெல்ல மெல்ல அவர்கள் மண்டையில் ஏறியது.

இந்த வகுப்பில்தான் வாயாடியும் அமுக்குணியும் இருந்தார்கள். கூடப்பிறந்த இரண்டு பேரின் பிள்ளைகள்; அண்ணன் மகளுக்கு நான் மனசுக்குள் வைத்த பெயர் வாயாடி, தம்பி மகளுக்கு அமுக்குணி. வாயாடி பேச ஆரம்பித்தால் மின்விசிறியே நின்று கேட்கும். அமுக்குணியிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் மணி அடித்துவிடும். ஆனால் அளப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எதையும் ஒரு தடவை அளந்து நம்பிவிட மாட்டாள். மறுபடி அளப்பாள், ஸ்கேலைத் திருப்பி வைத்தும் அளப்பாள். சந்தேகப்படத் தெரிந்த பிள்ளை. என் வாழ்க்கையில் நான் வெளிப்படையாக ஓரவஞ்சனை செய்தேன் என்றால் அது இவள் விஷயத்தில்தான்.

இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தவர்கள்தான். அண்ணனுக்குச் சிமெண்ட், பைப், ஆணி விற்கும் ஹார்டுவேர் கடை. தம்பி எலக்ட்ரீஷியன். சண்டை வந்து, முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை வீட்டுக்கு நடுவில் ஒரு சுவரை எழுப்பிவிட்டார்கள். கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது. சுவர் யார் பக்கம் தள்ளி நிற்கிறது என்று கோர்ட்டில் கேஸ் வேறு. 'அந்தப் பிள்ளையோடு என் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்' என்று இரண்டு பேரும் தனித்தனியாக வந்து சொல்லிவிட்டுப் போனதால் வாயாடி முன் வரிசை ஜன்னலோரம், அமுக்குணி கடைசி வரிசை.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதுதான் எனக்கு உறுத்தியது. சண்டைக்காரர்கள் என்றால் திரும்பித் திரும்பிப் பார்த்து முறைப்பார்கள். இவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருக்கிறார்கள் என்றால் ஏதோ இருக்கிறது.

வீட்டை அளக்கச் சொன்ன வாரமே தம்பி பள்ளிக்கு வந்துவிட்டார். சட்டைப் பையில் டெஸ்டர், கையில் இன்ஸுலேஷன் டேப் வளையம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சர், என் பொண்ணு டேப்ப புடிச்சிக்கிட்டு வீடு பூரா அளக்குறா. எதுக்குங்க?"

"வீட்டுப்பாடம்ங்க."

"வீட்டுப்பாடமா, இல்ல வீட்டப் பிரிக்கிற பாடமா? கேஸு நடக்கற நேரமாப் பாத்து ஸ்கூல்லயும் அளக்கச் சொல்றீங்க. அந்தப் பக்கத்துலேர்ந்து யாராச்சும் வந்து உங்ககிட்ட பேசினாங்களா?"

"எந்தப் பக்கம்?"

"எங்க அ..." என்று ஆரம்பித்து முழுங்கிக்கொண்டார். "அந்தாளு."

யாரும் வரவில்லை என்று சொன்னேன். என் முகத்தை உற்றுப் பார்த்தார். நடுவில் இருமல் வந்துவிட்டது. வறட்டு இருமல், வந்தால் லேசில் விடவில்லை. தண்ணீர் கொடுத்தேன். ஒயர் போடச் சுவர் கொத்துகிற தூசி, ரொம்ப நாளாக இருக்கிறது என்றார். டம்ளரை வைத்துவிட்டு வாசல் வரை போனவர் திரும்பினார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் டீச்சர். அவங்க சின்னப் புள்ளய விட்டு வாயப் புடுங்குவாங்க. என் பொண்ணு அந்தப் பக்கத்து ஆளுங்களோட ஒரு வார்த்த பேசினான்னு தெரிஞ்சா, மறுநாளே டி.சி. வாங்கிடுவேன். அவ மாமா ஊர்ல சேத்துடுவேன்."

சும்மா மிரட்டுகிற ஆள் மாதிரி தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அண்ணன் வந்தார். வந்தவர் என் மேஜையில் கிடந்த அளவு டேப்பை எடுத்து இழுத்துப் பார்த்தார்.

"துணி டேப்பா? துணி டேப்பு இழுவ குடுக்கும் டீச்சர். அந்தாளு கையில குடுத்தீங்கன்னா பத்தப் பன்னண்டா இழுத்துடுவான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பக்கத்துப் பொண்ணு படம் வரஞ்சிருக்காமே. சும்மா ஒரு பார்வ பாத்துட்டுக் குடுத்துடறேன்."

"காட்ட மாட்டேங்க."

"ஏன், ஏதாச்சும் மறைக்கிற மாதிரி இருக்கா அதுல?"

சந்தேகத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று இத்தனை நாள் மிதப்பாக இருந்தேன். இந்த அண்ணன் தம்பியிடம் நான் டியூஷன் போக வேண்டும்.

படங்களைத் திருத்தும் நாள் வந்தது. ஆசிரியர் அறையில் இடமில்லாமல் தரையில் விரித்துப் போட்டு முட்டி போட்டு உட்கார்ந்தேன். எல்லாப் பிள்ளைகளும் சுவரை ஒற்றைக் கோடாகத்தான் இழுத்திருந்தார்கள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. வாயாடியின் படத்தில் நடுச்சுவர் மட்டும் இரட்டைக் கோடு. இடையே ஒண்ணு புள்ளி ரெண்டு சென்டிமீட்டர் என்று குறித்திருந்தாள். சுவரின் கனமாம். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு மதிப்பெண் போட்டேன். நாலைந்து படம் தள்ளி அமுக்குணியின் படம். அதிலும் நடுச்சுவர் இரட்டைக் கோடு. ஒண்ணு புள்ளி ரெண்டு.

பேனாவை மூடினேன்.

ஒரு சுவரின் நீளத்தை ஒரு பக்கம் நின்றே அளக்கலாம், உயரத்தையும் அளக்கலாம். கனத்தை அளக்க முடியாது. அதற்கு அந்தப் பக்கமும் தெரிய வேண்டும். கதவும் இல்லாத, ஜன்னலும் இல்லாத ஒரு சுவர் பன்னிரண்டு சென்டிமீட்டர் கனம் என்று இந்த இரண்டு குட்டிகளுக்கும் யார் சொன்னது?

இன்னொன்றையும் பார்த்தேன். 'பிடித்த இடம்' என்று மற்ற பிள்ளைகள் கட்டிலையும் டிவியையும் குறித்திருந்தார்கள். வாயாடி குறித்திருந்தது பழைய சாமான் போடும் மூலை. அமுக்குணி குறித்திருந்தது வாஷிங் மெஷினுக்குப் பின்பக்கம். உலகத்தில் எந்தப் பிள்ளைக்கு வாஷிங் மெஷினின் முதுகு பிடிக்கும்? இரண்டு படத்தையும் நடுச்சுவரோடு நடுச்சுவர் பொருத்தி வைத்தேன். இரண்டு இடமும் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நேருக்கு நேர் இருந்தன.

மறுநாள் வாயாடியைத் தனியாக அழைத்தேன்.

"இந்தச் சுவரோட கனத்த எப்படி அளந்த?"

"அது வந்து மிஸ், கண்ணாலயே தெரியும். கொத்தனார் மாமா ஒருத்தர் சொன்னாரு. அப்புறம் எங்கப்பா கடையில செங்கல் பத்தின புக்கு இருக்கு, அதுலயும் போட்டிருந்துச்சு. அப்புறம்..."

ஒரு கேள்விக்கு மூன்று பதில் வந்தால் மூன்றும் பொய். போகச் சொல்லிவிட்டு அமுக்குணியைக் கூப்பிட்டேன். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. "உன் ஸ்கேலக் குடு" என்றேன். திருதிருவென்று முழித்தாள். பையைத் துழாவிக் கொடுத்தாள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேல். பூஜ்யத்திலிருந்து பன்னிரண்டு வரை சாம்பல் நிறத்தில் சிராய்த்திருந்தது, எண்களின் இடுக்கில் சிமெண்ட் தூள். பன்னிரண்டுக்கு அப்பால் கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருந்தது.

நான் ஸ்கேலை அவள் முன்னால் வைத்தேன்.

"பழைய பைப் ஓட்ட மிஸ்" என்றாள். "தண்ணி லைன் தனித்தனியாப் பிரிச்சப்ப பைப்ப உருவிட்டாங்க. ஓட்ட அப்படியே இருக்கு. எங்க பக்கம் வாஷிங் மெஷின் மறைக்குது. அவங்க பக்கம் சாமான் மறைக்குது."

"அதுல ஸ்கேல விட்டியா?"

"நான் விட்டேன். பூஜ்யம் செவுத்தோட சமமா வந்ததும் அக்கா அந்தப் பக்கத்துலேர்ந்து 'போதும்'னு சொன்னா."

அக்கா என்றாள். வகுப்பில் பெயர்கூடச் சொல்லாதவள்.

"தினமும் பேசுவீங்களா?"

தலையை ஆட்டினாள். பிறகு அந்த வருஷத்தில் முதல் முறையாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பாகிட்ட சொல்லிடுவீங்களா மிஸ்?"

பெற்றவர்களிடமிருந்து எதையும் மறைப்பது என் வழக்கமில்லை. ஆனால் சொன்னால் இந்தப் பிள்ளை போய்விடும். அவள் மாமா ஊரில் போய் யாரோ ஒரு டீச்சரின் வகுப்பில் ஸ்கேலைத் திருப்பி வைத்து அளந்துகொண்டிருப்பாள். நினைக்கவே எனக்குப் பொறுக்கவில்லை. கண்காட்சிக்கு இரண்டு அப்பாக்களும் வருவார்கள். ஒருத்தர் சிமெண்ட் விற்பவர், இன்னொருத்தர் சுவரைக் கொத்துபவர். சுவரின் கனத்தைப் பார்த்தவுடன் என் மண்டையில் வந்த கேள்வி அவர்கள் மண்டையில் வராதா?

கண்காட்சிக்கு முந்தின நாள் மாலை, எல்லாரும் போனபிறகு அமுக்குணியை நிறுத்தி வைத்தேன். ரப்பரை நீட்டினேன்.

"இந்த ரெண்டாவது கோட்ட மட்டும் அழிச்சிடு. எல்லாரும் ஒரு கோடுதான போட்டிருக்காங்க. அக்காகிட்டயும் சொல்லிடு."

அவள் ரப்பரை வாங்கவில்லை. கரும்பலகையின் மேல் ஓரத்தைப் பார்த்தாள். பெட்டி கட்டி நான் எழுதி வைத்தது அப்படியே இருந்தது.

"நீங்கதான மிஸ் எழுதிப் போட்டீங்க?"

சொன்னது மெதுவாகத்தான். எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ரப்பரைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சரி, வேறு வழி பார்ப்போம் என்று ஒருத்தியின் படத்தை வகுப்பறை வாசலருகே விரித்தேன். இன்னொருத்தியின் படத்தை எதிர்மூலையில், அலமாரியைத் தாண்டி விரித்தேன். நடுவில் பாத்ரூம் யானையின் வீடு. அண்ணன் ஒரு பக்கம் நிற்பார், தம்பி ஒரு பக்கம் நிற்பார், ஒருவர் பிள்ளையின் படத்தை மற்றவர் பார்க்கவே மாட்டார். நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

காலையில் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. வகுப்பறைக்குள் நுழையும்போதே தலைமை ஆசிரியை பூரிப்போடு எதிரில் வந்தார்.

"ஒரே வீட்ட எதுக்கு ரெண்டு மூலையில போட்டு வச்சிருக்கீங்க? சேத்துப் போட்டேன். இப்பப் பாருங்க, முழு வீடும் எவ்ளோ அழகாத் தெரியுது!"

வகுப்பறையின் நடுவில், சுவர் மேல் சுவர் அச்சாகப் பொருந்தி, அந்த வீடு முழுசாகக் கிடந்தது. ஒரு பக்கம் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மறுபக்கம் தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுற்றிலும் மற்ற பெற்றோர். இரண்டு பேரின் கண்ணும் அவரவர் மகள் வரைந்ததில் இல்லை, எதிர்ப்பக்கத்துப் படத்தில் இருந்தது.



"கட்டளைய அப்புறம் ஓட்டிக்கலாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தலைமை ஆசிரியை கையைத் தட்டிவிட்டார். வாயாடி தன் டேப்லெட்டைத் தொட்டாள், அமுக்குணி தன்னுடையதைத் தொட்டாள்.

இரண்டு கரப்பான்களும் அவரவர் வாசலில் இருந்து கிளம்பின. ஒன்று கூடத்தைக் கடந்து, வலப்பக்கம் திரும்பி, சமையலறை நிலையில் உரசாமல் நுழைந்தது. மற்றது இடப்பக்கம் திரும்பி, குளியலறையைச் சுற்றிக்கொண்டு போனது. யாருடைய கணக்கிலும் ஒரு மில்லிமீட்டர் பிசகு இல்லை. கரப்பானின் மூக்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள தூரத்தைக்கூடக் கழித்திருந்தார்கள். இரண்டும் நடுச்சுவரை நோக்கித் திரும்பி, கோட்டைத் தொட்டும் தொடாமலும் மூக்குக்கு மூக்கு நேராக நின்றன. இந்தப் பக்கத்துக் கரப்பானின் பச்சை விளக்கு மின்னியது. நின்றது. அந்தப் பக்கத்துக் கரப்பான் மின்னியது. நின்றது. மறுபடி இது, மறுபடி அது.

"பேசிக்குது பாரேன்!" என்றார் யாரோ ஒரு அம்மா. எல்லாரும் கை தட்டினார்கள், அந்த இரண்டு பேரைத் தவிர.

அண்ணன் இடுப்பிலிருந்து இரும்பு டேப்பை உருவிக்கொண்டு குந்தினார்.

"என்ன, அளக்க ஆரம்பிச்சாச்சா?" என்றார் தம்பி. அவரும் விடவில்லை, குந்தி உட்கார்ந்தார். உட்கார்ந்தவரின் விரல் அந்த இரட்டைக் கோட்டின் மேல் போய் நின்றது.

"ஒண்ணு புள்ளி ரெண்டு. அப்படின்னா பன்னண்டு சென்டிமீட்டர்." மகளை நிமிர்ந்து பார்த்தார். "செவுரு இவ்ளோ கனம்னு உனக்கு யார் சொன்னா?"

"நான்தாங்க சொன்னேன்" என்றேன். என் குரல்தான் அது. "அரைச் செங்கல் சுவரு, ரெண்டு பக்கமும் பூச்சு. கூட்டினா பன்னண்டு வரும். கணக்குப் போட்டுக் குடுத்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். "எங்க பக்கம் பூசவே இல்லீங்க டீச்சர். செங்கல் அப்படியேதான் தெரியுது."

இத்தனை வருஷமாகப் பிள்ளைகளின் பொய்யை மடக்கி மடக்கிப் பிடித்தவள், சொன்ன முதல் பொய்யிலேயே மாட்டிக்கொண்டேன். காதெல்லாம் சுட்டது.

அமுக்குணி முன்னால் வந்தாள். வாயாடி அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள், நிற்கவில்லை.

"மிஸ் சொல்லலப்பா. நாங்கதான் அளந்தோம். பழைய பைப் ஓட்டையில நான் ஸ்கேல விட்டேன். அக்கா அந்தப் பக்கத்துலேர்ந்து பாத்துச் சொன்னா."

டி.சி. என்ற வார்த்தை எப்போது வரும் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் பேசியது அண்ணன்.

"எந்த ஓட்ட? அந்தப் பைப்பு ஓட்டயா? அதான் அடச்சாச்சே."

"யாரு அடச்சா?" என்றார் தம்பி.

"நீதான் அடச்சிருப்ப."

"நான் எங்க அடச்சேன்? நீ அடச்சிருப்பன்னு இருந்தேன்."

இரண்டு பேரும் தரையில் குந்தியபடி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நடுவில் கரப்பான்கள் மாறி மாறி மின்னிக்கொண்டிருந்தன.

"கட நெறய சிமெண்ட் மூட்டைய அடுக்கி வச்சிருக்க" என்றார் தம்பி. "உள்ளங்கை அளவு ஓட்ட. நீ ஏன் அடைக்கல?"

"ஊர்ல இருக்கற செவுத்துல எல்லாம் ஒயர் போட்ட ஓட்டய பூசி மொழுகறவன் நீ. நீ ஏன் அடைக்கல?"

எனக்கு விடை தெரிந்துவிட்டது. என் புத்திக்கு இதெல்லாம் தெரிய ஒரு நொடி போதும். ஒட்டுக்கேட்க. இரண்டு பேரும் அதற்குத்தான் விட்டு வைத்திருக்கிறார்கள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனின் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"ஆமா. நீ வக்கீல்கிட்ட போன்ல என்ன பேசறேன்னு கேக்கத்தான் விட்டு வச்சேன். சாமான ஒதுக்கிட்டுப் போய்க் காத வச்சு நின்னிருக்கேன். போதுமா?"

தம்பி கோபப்படுவார் என்று நினைத்தேன். "கேட்டுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"என்னத்தக் கேட்டுச்சு. வாஷிங் மெஷின் கடகடன்னு ஓடும். அது நின்னா நீ இருமுவ. விடிய விடிய இருமுற." டேப்பின் முனையை விட்டார். அது சரக்கென்று உள்ளே போனது. "ஆஸ்பத்திரில காட்டினியா இல்லியா?"

தம்பி ஏதோ சொல்ல வந்தார், இருமல் முந்திக்கொண்டது. குனிந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். அண்ணன் எழுந்து வரவில்லை. அந்தச் சுவரின் மேலே, இரண்டு கரப்பானுக்கும் மேலே கையை நீட்டி, தம்பியின் முதுகில் வைத்தார்.

"இன்னும் இல்லண்ணே" என்றார் தம்பி, மூச்சு வந்தபிறகு.

அமுக்குணி அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள். "டி.சி. வாங்கப் போறீங்களாப்பா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல இத நிறுத்து" என்றார். "சும்மா சும்மா கண்ணடிச்சுக்கிட்டு இருக்கு."

அது பதில் இல்லை. மறுநாள், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனுஷன் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அடங்கியிருப்பார், வீட்டுக்குப் போய் மனசு மாறியிருக்கும் என்று என் கணவரிடம் புலம்பினேன். "நீ யாரத்தான் நம்புவ?" என்றார் அவர். திங்கட்கிழமை வகுப்பில் நுழைந்தவுடன் கடைசி வரிசையைப் பார்த்தேன். அவள் இடம் காலி. வருகைப் பதிவேட்டை எடுத்து அவள் பெயரைத் தயங்கித் தயங்கிப் படித்தேன்.

"உள்ளேன் மிஸ்."

குரல் முன் வரிசையிலிருந்து வந்தது. ஜன்னலோரம், வாயாடிக்குப் பக்கத்தில்.

"யாரக் கேட்டு இடம் மாறின?" என்று அதட்டினேன். அதட்டல் சரியாக வரவில்லை.

"அப்பாவக் கேட்டுத்தான் மிஸ்."

"பெரியப்பாவும் அவரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க மிஸ்" என்று வாயாடி ஆரம்பித்துவிட்டாள். "பெரியப்பான்னா எங்கப்பா. எக்ஸ்ரே எடுப்பாங்களாம். கேஸு அது பாட்டுக்கு இருக்கும்னு அப்பா சொல்லிட்டாரு. செவுரும் அப்படியேதான் இருக்கு. ஓட்டைய மட்டும் ரெண்டு பேரும் அடைக்கல. அப்புறம்..."

"போதும், உக்காரு" என்றேன்.

திருத்திய படங்களைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் 'அளந்த ஒன்று விடுபட்டிருக்கிறது' என்று எழுதி ஒரு மதிப்பெண் குறைத்திருந்தேன். வாயாடி குய்யோ முறையோ என்று கத்தினாள். அமுக்குணி மட்டும் அதைப் படித்துவிட்டு, ஸ்கேலை எடுத்து, அந்தச் சுவரில் ஓட்டையை வரைய ஆரம்பித்தாள்.